குறியில்லாத ஈயம்

பசியாவரம்,
விபவ வருஷம், ஆடி 22

நாகப்பட்டினத்தில் ஒல்லாந்தர் வார்ப்புப் பட்டறையில் வேலைபார்க்கும் அண்ணன் தாமோதரனுக்குத் தங்கை இருசம்மாள் சொல்லி எழுதியது. நானும் என் வீட்டுக்காரர் மாரியும் பிள்ளைகள் இருவரும் அம்மன் புண்ணியத்தில் நடமாடிக்கொண்டிருக்கிறோம். நீயும் அண்ணி கஸ்தூரியும் எப்படி இருக்கிறீர்கள் என்று தெரிந்தால் மனசு ஆறும்.

அண்ணா, நைனா போய்விட்டார். இதைச் சுற்றிவளைத்துச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. ஆடி ஒன்பதாம் தேதி காலையில் போனார். மூன்று நாள் முன்புவரை நன்றாகத்தான் இருந்தார். வழக்கம்போலத் தனியாகத் தோணியைத் தள்ளிக்கொண்டு தீவுப் பக்கம் போய், இரண்டு நாள் கழித்து ஒரு கூடை நண்டோடு வந்தார். கூடையை இறக்கிவிட்டு, "குளுருதும்மா"ன்னார். ஆடி வெயிலில் குளிர்கிறதா என்று நான் சிரித்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது. படுத்தவர் எழுந்திருக்கவில்லை.

நீ வந்து சேரும்வரை உடம்பு தாங்காது என்று அன்றைக்கே எடுத்துவிட்டோம். கொள்ளி மாரி வைத்தார். குளிப்பாட்டியது நான். கதவைச் சாத்திக்கொண்டு நான் ஒருத்தியாகவே குளிப்பாட்டினேன். இது வேறு வழியாக உன் காதுக்கு வருமுன் நானே சொல்லிவிடுகிறேன்.

பங்குனிக் கடைசியில் பாடு குலுக்கும்போது நீ இங்கே இருக்க வேண்டும். ஏரியில் எந்த இடத்தில் எந்த வீடு வலை கட்டுவது என்று குலுக்கும்போது, நைனா இடத்தில் மகன் நிற்காவிட்டால் நம் பங்கு ஊருக்குப் போய்விடும். மாரி சுண்ணாம்புக்குளத்துக்காரர், அவருக்கு இங்கே பங்கு கிடையாது. பங்கு போனால் நாங்கள் பிள்ளைகளோடு இந்தத் தீவை விட்டுப் போகவேண்டியதுதான். மறக்காதே.

இப்படிக்கு உன் வரவைப் பார்த்திருக்கும்
இருசம்மாள்

இதை எழுதும் பெருமாள் மாமாவின் வார்த்தை: தம்பி, பங்குக்காரர் பேரெழுதிய பாடு ஓலை வைத்திருப்பவன் நான் என்பதால் சொல்கிறேன், உன் தங்கை சொன்னது சரி, நீ வரவேண்டும். குளிப்பாட்டிய விஷயத்தில் ஊரில் முணுமுணுப்பு இருந்தது. பங்காளிகள் எட்டுப் பேர் குடத்தோடு வாசலில் நிற்க, பெண்பிள்ளை கதவைச் சாத்துவது இங்கே நடந்ததில்லை. இருந்தாலும் யாரும் கதவைத் தட்டவில்லை. நீயும் அவளைத் திட்டாதே.


நாகப்பட்டினம்,
ஆவணி 18

தங்கை இருசம்மாளுக்கு அண்ணன் தாமோதரன் எழுதுவது. நாங்கள் இருவரும் உடம்பால் சுகம். உன் பிள்ளைகளுக்கு என் ஆசி, மாப்பிள்ளைக்கு என் விசாரிப்பு.

ஓலையைப் படித்துவிட்டுக் கஸ்தூரியிடம் நீட்டினேன். அவளுக்குப் படிக்கத் தெரியாது என்பதே மறந்துவிட்டது. அப்படி ஒரு நிலையில் இருந்தேன்.

பெருமாள் மாமா திட்டாதே என்கிறார். திட்டாமல் எப்படி இருப்பது? எட்டுப் பங்காளிகளை வாசலில் நிறுத்திவிட்டுக் கதவைச் சாத்த நீ யார்? நான் இல்லாத வீடு என்பதால்தானே உனக்கு அந்தத் துணிச்சல் வந்தது? ஊர் என்னைப் பற்றி என்ன பேசும்? இதற்கு எனக்குப் பதில் வேண்டும்.

இரண்டு நாளாக அவருடைய ஞாபகம்தான். பழவேற்காட்டுக் கோட்டைப் பட்டறையில் முப்பது வருஷம் நின்றாரே, மத்தியானம் உலை தணிந்ததும் மற்றவர்கள் தோல் போர்வையைக் கழற்றி எறிந்துவிட்டு மேலுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொள்வார்கள். நைனா மட்டும் கழுத்துவரை தோலோடு உட்கார்ந்து கஞ்சி குடிப்பார். வேர்க்குரு பொரிந்து கழுத்தெல்லாம் சிவந்திருக்கும். மூச்சிரைப்பு வந்து பட்டறையை விட்ட பிறகாவது எல்லாரோடும் மீன் தொழிலுக்குப் போனாரா? இல்லை. தனித் தோணி, தனிப் பறி, தனித் தீவு. பூநாரை எந்தத் திட்டில் இறங்கும், இறால் எந்தச் சேற்றில் ஒதுங்கும் என்று ஏரி முழுவதும் அவருக்குத் தெரியும், கூட ஒரு மனுஷனை ஏற்றமாட்டார். ஊரில் அவருக்குத் துரை என்று பேர் வைத்துக் கிண்டல் செய்வார்களே. குளிப்பதற்குக்கூட வடக்கே கண்டல் புதர் மறைவுக்குத்தான் துரை போவார்.

பாடு குலுக்க நாற்பது வீட்டுக்கும் அவர்தான் ஈயத்தில் குறி வார்த்துக் கொடுத்தார். மீன், நண்டு, சங்கு, துடுப்பு என்று வீட்டுக்கு ஒன்று. நம் வீட்டுக்கு மட்டும் ஒன்றுமே இல்லாத வெறும் ஈயம். ஏன் என்று கேட்டேன். "நம்முளுக்கு எதுக்குடா குறி"ன்னார். சோம்பேறித்தனம் என்று நினைத்தேன்.

நான் இங்கே வரும்போது நடந்த சண்டை உனக்குத் தெரியும். "குண்டு வாரு, மணி வாரு, இன்னா வேணா வாரு. முத்திர மட்டும் வாக்காத"ன்னார். காரணம் கேட்டால் வாயைத் திறக்கவில்லை. வழியனுப்பத் துறைக்கும் வரவில்லை. மூன்று வருஷம் ஆயிற்று. அவர் எதை வேண்டாம் என்றாரோ அதில்தான் எனக்கு இங்கே பேர். போன மாதம் ஒரு கப்பல் வியாபாரிக்கு ஆறு பித்தளை முத்திரை வார்த்தேன், அவுரி நீலம் ஏற்றும் பெட்டிகளில் சூடு போடுவதற்கு. ஓரம் பிசிறில்லாமல் அப்படியே அச்சில் வந்தது. பெரிய மேஸ்திரி கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நைனாவிடம் ஒன்றைக் காட்ட வேண்டும் என்று இருந்தேன். அவர் பிடித்த பிடிவாதம் கடைசியில் இப்படி முடிந்துவிட்டது.

பாடு குலுக்கும்போது வருவேன். என் கேள்விக்குப் பதில் எழுது.

உன் அண்ணன்
தாமோதரன்


பசியாவரம்,
புரட்டாசி 10

அன்புள்ள அண்ணாவுக்கு இருசம்மாள் சொல்லி எழுதியது. பெரியவனுக்கு இரண்டு நாள் காய்ச்சல் இருந்து விட்டுவிட்டது. மற்றவர்கள் சுகம். உங்கள் சுகத்தை அம்மன் பார்த்துக்கொள்வாள்.

நீ திட்டியதைப் பெருமாள் மாமா ஒரு வார்த்தை விடாமல் படித்தார். நான் கேட்டுக்கொண்டேன். ஏன் கதவைச் சாத்தினாய் என்றால், நைனா சொன்னார், சாத்தினேன். போவதற்கு முந்தின நாள் சாயங்காலம் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நான் பூட்டா வேற எவனும் என்னியத் தொடக்கூடாது. நீதான் குளுப்பாட்டணும், இன்னா?"ன்னார். சரி என்றேன். இதற்குமேல் என்னைக் கேட்காதே.

மழைக்கு முன்னால் கூரை மாற்ற வேண்டும். நைனாவின் தோணியை மாரி கரையேற்றி வைத்திருக்கிறார். அதில் ஏற அவருக்கு மனம் வரவில்லை.

அண்ணிக்காக ஒரு கோலம் சின்ன ஓலை நறுக்கில் நானே எழுத்தாணி பிடித்துக் கீறி உள்ளே வைத்திருக்கிறேன். நைனாவிடம் இருந்த கோலம் அது. இப்படி ஒரு கோலம் அந்த ஊரில் போடுவார்களா, இதற்கு என்ன பேர் என்று கேட்டு எழுது. கட்டாயம் எழுது அண்ணா. இதை நினைத்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

இருசம்மாள்


நாகப்பட்டினம்,
ஐப்பசி 6

தங்கச்சிக்கு. சுகம் விசாரிக்கக் கை ஓடவில்லை, பொறுத்துக்கொள்.

பெருமாள் மாமா, பக்கத்தில் யாரும் இல்லாதபோது இதை அவளுக்குப் படித்துச் சொல்லுங்கள்.

நீ அனுப்பியது கோலம் இல்லை. நடுவில் நங்கூரம், இரண்டு பக்கமும் பிறை, கீழே மூன்று புள்ளி. நான் வார்த்தேன் என்று எழுதினேனே ஆறு முத்திரை, அது இதுதான். புள்ளி மூன்றும்கூட அப்படியே இருக்கிறது. நைனா இதை எங்கே பார்த்தார்? இது அந்த வியாபாரியின் பாட்டன் காலத்து அடையாளம் என்று இங்கே சொல்கிறார்கள். வேறு யாரும் இதைப் போடக்கூடாது.

வீட்டில் ஏதாவது பெட்டியோ பலகையோ ஒளித்து வைத்திருந்தாரா? கோட்டையில் இருந்த காலத்தில் கப்பல் சரக்கில் கை வைத்தாரா? அதற்குப் பயந்துதான் முத்திரை வார்க்காதே என்றாரா? அப்பனைத் திருடன் என்று கேட்க நாக்கு கூசுகிறது. அப்படி ஏதாவது இருந்தால் எரித்துவிடு. எங்கே பார்த்தாய் என்று மட்டும் உடனே எழுது.

தாமோதரன்


பழவேற்காடு,
மார்கழி 4

அண்ணாவுக்கு இருசம்மாள். இது பெருமாள் மாமா கையெழுத்து இல்லை என்று பார்த்ததும் தெரிந்திருக்கும். எழுதுவது ஜெசிந்தா அக்கா. அவள் புருஷன் நைனாவின் பட்டறையில் துருத்தி இழுத்தவர். வேதக்கோயில் உபதேசியாரிடம் எழுத்துக் கற்றுக்கொண்டவள் அவள். நண்டு விற்கக் கோட்டை ஊருக்கு வந்ததுபோல அவள் வீட்டுக்கு வந்து உட்கார்ந்திருக்கிறேன். மழையில் தோணி போகாமல் ஒரு மாதம் வீணாகிவிட்டது. நீ பட்ட தவிப்பு எனக்குத் தெரியும்.

மாமாவை வைத்து இதை எழுத முடியாது. பாடு ஓலை அவரிடம் இருக்கிறது. இந்த ஊர் வம்சத்துக்குத்தான் பங்கு. இது வெளியே வந்தால் நைனாவுக்குப் பங்கு இருந்ததே தப்பு என்று ஆகிவிடும். அதனால்தான் கோலம் என்று சொல்லி அனுப்பினேன்.

அண்ணா, பெட்டியும் இல்லை, பலகையும் இல்லை. நைனா திருடவில்லை. அந்தக் குறி அவர் முதுகில் இருந்தது.

இடது தோள்பட்டைக்குக் கீழே இருந்தது. கதவைச் சாத்திவிட்டுத் துணியை எடுத்தபோது பார்த்தேன். கையிலிருந்த செம்பு விழுந்துவிட்டது. வெளியே யாரோ, "இன்னாம்மா சத்தம்"னு கேட்டார்கள். ஒன்றுமில்லை என்றேன். பழைய சூட்டுத் தழும்பு, தோலோடு தோலாக வளர்ந்து அகன்றிருந்தது. முதலில் உலையில் பட்ட காயம் என்று நினைத்தேன். தண்ணீர் ஊற்றித் துடைத்த பிறகு நங்கூரம் தெரிந்தது. விரலால் தடவித் தடவி அதை மனப்பாடம் செய்துகொண்டேன். எழுத்துத் தெரியாதவளுக்கு வேறு என்ன வழி? இத்தனை வருஷம் மேல்துணி போர்த்திக்கொண்டே என்னைத் தோளில் தூக்கிச் சுமந்தாரே, அம்மாவும் ஒரு வார்த்தை சொல்லாமலே போய்ச்சேர்ந்தாளே, ஒருநாளும் எனக்குத் தெரியவில்லையே என்றுதான் அழுதேன்.

ஜெசிந்தா அக்கா சொன்ன பிறகுதான் எனக்கு விளங்கியது. அவளுடைய அம்மா சின்ன வயசில் பார்த்திருக்கிறாளாம். பஞ்ச காலத்தில் உள்நாட்டு ஜனங்களைப் பிடித்தும் வாங்கியும் கோட்டைக்கு வெளியே கொட்டகையில் அடைத்து, சூடு போட்டுக் கப்பலேற்றுவார்களாம். நைனா அந்தக் கொட்டகையில் இருந்தவர். பசியாவரத்து வம்சம் இல்லை. நம் தாத்தாவுக்கு அவர் அண்ணன் பிள்ளையும் இல்லை.

இப்போது யோசித்துப் பார். வலைக்காரன் திறந்த முதுகோடு நிற்க வேண்டும். தோல் போர்த்திக்கொள்ளும் வேலை உலை வேலை ஒன்றுதான். துரை என்று சிரித்தோமே அண்ணா, நாமும் சேர்ந்துதானே சிரித்தோம்.

கடைசியில் ஒன்று சொன்னார். "என்னிய வுட்டுட்டாங்க. அவள வுடல"ன்னார். யாரை நைனா என்று கேட்டேன். "உன் பேருக்காரிய"ன்னார். அதற்குப் பிறகு பேச்சில்லை. எனக்கு அர்த்தம் புரியவில்லை.

நீ வார்த்தது நீலப் பெட்டிக்குத்தானே? பெட்டிக்குத்தான் என்று எழுது. ஜெசிந்தா அக்கா பேருக்கே அனுப்பு.

இருசம்மாள்


நாகப்பட்டினம்,
தை 9

தங்கச்சிக்கு. கஸ்தூரி சுகம். என்னைப் பற்றி எழுத ஒன்றுமில்லை.

பெட்டிக்கு இல்லை.

உன் ஓலை வந்த மறுநாள், முத்திரைக்குப் பிடி சரிபார்க்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டு துறைமுகக் கிடங்குக்குப் போனேன். இந்த வருஷம் இங்கே மழை பொய்த்து உள்நாடு காய்ந்து கிடக்கிறது. ஜனங்கள் பிள்ளைகளைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து இறங்குவதைத் தினமும் பார்த்துக்கொண்டுதான் பட்டறைக்குப் போனேன். எங்கே போகிறார்கள் என்று ஒருநாளும் நின்று கேட்டதில்லை. கிடங்கில் உலை போட்டிருந்தார்கள். வரிசையாக உட்காரவைத்திருந்தார்கள். உட்கார்ந்திருந்த பெண் ஒருத்தி என்னைப் பார்த்து, "ஐயா, இன்னும் எத்தனை பேருக்கு அப்புறம் கஞ்சி?" என்று கேட்டாள். சூடு போட்ட பிறகு கஞ்சி ஊற்றுகிறார்கள்.

முத்திரை பிடித்திருந்தவன் என்னை அடையாளம் தெரிந்து சிரித்தான். பழைய முத்திரை தோலில் ஒட்டிக்கொண்டு வருமாம். நான் வார்த்தது ஒட்டுவதில்லையாம். நல்ல கை என்றான். நான் பிடியைப் பார்க்காமலே வெளியே வந்துவிட்டேன்.

நைனா ஏன் சொல்லவில்லை? ஒரு வார்த்தை, மேல்துணியை விலக்கி ஒரே ஒரு தடவை காட்டியிருந்தால் போதுமே. அவர்மேல் எனக்குக் கோபம் வருகிறது. பிறகு அந்தக் கோபத்துக்கு எனக்கு என்ன யோக்கியதை என்று தோன்றுகிறது. அவர் முதுகில் இருந்ததை நான் ஆறாகப் பெருக்கிக் கொடுத்திருக்கிறேன்.

பாடு குலுக்கலில் நான் நிற்கமாட்டேன். நைனா இடத்தில் நிற்க இந்தக் கைக்குப் பாத்தியதை இல்லை. என் பேரை எடுத்துவிடச் சொல்லி மாமாவிடம் சொல்லிவிடு. உனக்கும் பிள்ளைகளுக்கும் இது எவ்வளவு பெரிய அடி என்று தெரிந்தேதான் எழுதுகிறேன். என்னை மன்னிக்காதே.

தாமோதரன்


பசியாவரம்,
மாசி 3

தம்பி தாமோதரனுக்குப் பெருமாள் தன் பேரில் எழுதுவது. கஸ்தூரியம்மாளும் நீயும் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உன் தங்கை நேற்று என் வீட்டுக்கு வந்து, "எங்க பேர எடுத்துடுங்க மாமா"ன்னாள். காரணம் கேட்கவில்லை நான். அவளே மடியிலிருந்து ஓலையை எடுத்து என் முன்னால் வைத்துவிட்டு முகத்தை மூடிக்கொண்டாள். படித்தேன். கோலத்தையும் நான் புரட்டாசியிலேயே பார்த்தேன். ஓலை கட்டுகிறவன் கண்ணில் படாமல் நறுக்கு வைக்க முடியுமா? அதைப் பார்த்த அன்றைக்கு எனக்கும் சோறு இறங்கவில்லை. அந்தக் குறியை நான் பார்த்து நாற்பத்திரண்டு வருஷம் ஆகிறது.

தம்பி, ஊருக்குத் தெரியும். பெரியவர்கள் எல்லாருக்கும் தெரியும். உன் நைனாவுக்குத்தான் எங்களுக்குத் தெரியும் என்பது தெரியாது. உன் தாத்தா ஒருவருக்கு மட்டுமே தெரியும் என்று கடைசிவரை நினைத்திருந்தான்.

கொட்டகையிலிருந்து ஜனங்களைக் கப்பலுக்கு ஏற்றிப் போன சலங்குப் படகுகளை ஓட்டியது யார் என்று நினைக்கிறாய்? பசியாவரத்து ஆட்கள். கூலிக்குத்தான். அன்றைக்கு என் அப்பா சுக்கான் பிடித்தார், பன்னிரண்டு வயசுப் பையனாக நான் தண்ணீர் இறைத்தேன். முகத்துவாரத்தில் அலை புரட்டிவிட்டது. பதினோரு பேர் இருந்தார்கள். கரைக்கு இழுத்தது ஏழு பேர். அதில் ஒரு பையனை, உன் தாத்தா, பிள்ளையில்லாதவர், வலைக் குவியலுக்கு அடியில் தள்ளி மேலே உட்கார்ந்துகொண்டார். காவல்காரன் வந்து எண்ணினான். நான்கு பேர் கிடைக்கவில்லை. ஐந்து பேர் கிடைக்கவில்லை என்று சொன்னோம். மற்ற ஆறு பேரையும் நாங்களே வேறு படகில் ஏற்றிக் கப்பலில் விட்டுவிட்டு வந்தோம்.

அந்த ஆறு பேரில் ஒரு சின்னப் பெண் இருந்தது. ஆறேழு வயசு இருக்கும். அண்ணனைத் தேடிக் கத்திக்கொண்டே போனது. "இருசு, இருசு"ன்னு அது தன் பேரைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னது, அண்ணன் கேட்டு வரட்டும் என்று. வலைக்கு அடியில் இருந்தவன் காதில் அது விழாமல் இருந்திருக்காது. உன் தங்கைக்கு அந்தப் பேர் வைத்தபோது நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

அண்ணன் பிள்ளை, ஆரணியாற்றுப் பக்கத்திலிருந்து வந்திருக்கிறான் என்று உன் தாத்தா சொன்னார். ஆமாம், ஜாடை தெரிகிறது என்று ஊர் சொன்னது. அவ்வளவுதான் நாங்கள் செய்த புண்ணியம். கண்டல் மறைவில் அவன் குளிக்கும் நேரத்தில் அந்தப் பக்கம் யாரும் தோணி விட்டதில்லை. பெண்பிள்ளை கதவைச் சாத்தியபோது தட்டாததும் அதனால்தான். அவன் எங்களோடு தொழிலுக்கு வராததற்கு முதுகு ஒன்றுதான் காரணம் என்று நான் நினைக்கவில்லை. எங்களோடு படகில் ஏற அவனுக்கு எப்படி மனம் வரும்?

நீ வார்த்தாய், நாங்கள் துடுப்புப் போட்டோம். உன் பேரை எடுக்க எனக்கு என்ன யோக்கியதை? ஓலையில் அது இருக்கிறது. வருவதும் வராததும் உன் பாடு.

பெருமாள்


சாந்தோம்,
பங்குனி 8

தங்கச்சிக்கும் பெருமாள் மாமாவுக்கும் தாமோதரன் எழுதுவது. நாங்கள் இருக்கிறோம். நாங்கள் என்று எழுதும்போது இப்போது மூன்று பேர்.

மாமா, உங்கள் ஓலையை மூன்று தடவை படித்தேன். அதற்குப் பிறகு பட்டறையில் இருக்க முடியவில்லை. முத்திரை வார்த்த அச்சுக் கருவை உலையில் போட்டேன். அதனால் ஒரு பிரயோசனமும் இல்லை என்று தெரியும், ஆறும் ஏற்கெனவே அவர்கள் கையில் இருக்கிறது.

காய்ச்சல் கண்டவர்களைக் கப்பலில் ஏற்றமாட்டார்கள். கிடங்குக்குப் பின்னால் மணலில் போட்டுவிடுவார்கள். எங்கள் பட்டறையின் பழைய அச்சு மண்ணையும் வண்டியில் கொண்டுபோய் அங்கேதான் கொட்டுவோம். மண் கொட்டப் போன இடத்தில் ஒரு பெண்குழந்தை அசைந்தது. கஸ்தூரியைக் கூட்டிக்கொண்டு போய், காலி வண்டியில் சாக்குக்கு அடியில் வைத்துக் கொண்டுவந்துவிட்டோம். பிழைத்துவிட்டாள். எட்டு வயசு இருக்கும். வாய் திறக்கவில்லை, பேர் தெரியவில்லை. கஸ்தூரி கையிலிருந்துதான் சாப்பிடுகிறாள். நான் பக்கத்தில் போனால் சுவரோடு ஒட்டிக்கொள்கிறாள்.

அவள் தோளுக்கு மருந்து போடும்போது பார்த்தேன். என் வேலை சுத்தம் என்று உனக்குப் பெருமையாக எழுதியிருந்தேன். ஓரம் பிசிறில்லாமல் விழுந்திருக்கிறது. மூன்று புள்ளியும் தெளிவாகத் தெரிகிறது.

தென்காற்றில் தோணி ஏறி இங்கே ஜெசிந்தா அக்காவின் தங்கை வீட்டில் வந்து தங்கியிருக்கிறோம். குலுக்கலுக்கு இன்னும் மூன்று வாரம் இருக்கிறது. எனக்குப் பங்கு வேண்டும் என்று கேட்கவில்லை. இந்தப் பிள்ளையைத் தேடிக்கொண்டு யாராவது வந்தால் ஊருக்குக் கெடுதல் வரும், அதையும் மறைக்கவில்லை. நான் முத்திரை வார்த்ததை ஒளிக்காமல் இந்த ஓலையை ஊருக்கு முன்னால் படியுங்கள். இளையவர்களும் கேட்கட்டும். கேட்ட பிறகு, வா என்றால் வருகிறோம். வேண்டாம் என்றால் வடக்கே எங்காவது போய்க்கொள்கிறோம். பதில் வரும்வரை இங்கே இருப்போம்.

தாமோதரன்


பசியாவரம்,
பங்குனி 15

அண்ணாவுக்கும் அண்ணிக்கும் இருசம்மாள் சொல்ல, பெருமாள் மாமா எழுதியது. எல்லாரும் சுகம். குழந்தைக்குக் காய்ச்சல் மறுபடி வராமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

அம்மன் கோயில் முன்னால் மாமா உன் ஓலையைப் படித்தார். அதற்கு முன், தான் உனக்கு எழுதியதையும் ஊருக்குச் சொன்னார். இளையவர்களுக்கு அதுவே முதல் இடி. மாரி தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். ஆறு முத்திரை என்ற இடத்தில் இரண்டு பேர் எழுந்து போனார்கள். அதை உனக்கு மறைக்கவில்லை. அவர்கள் உன்னோடு பேச நாளாகும். பேசாமலும் போகலாம்.

நீ செய்ததை நான் மன்னித்தேன் என்று எழுதச் சொல்லவில்லை. எனக்கு அது வரவில்லை அண்ணா. இரவும் பகலும் உன் கையை நினைக்கிறேன், நைனா பிடித்துப் பழக்கிய கை. மன்னிப்பதாக இருந்தால் உன் பக்கத்தில் சுவரோடு ஒட்டிக்கொண்டு நிற்கிறாளே, அவள் மன்னிக்கட்டும். அதுவரை நீ காத்திரு.

ஆனால் வா. யாராவது தேடிக்கொண்டு வந்தால் என்ன சொல்வது என்று மாமா கேட்டார். பவுனம்மாள் அத்தைதான் பதில் சொன்னாள். எழுபது வயசு அவளுக்கு, அந்தப் படகு திரும்பி வந்தபோது கரையில் நின்றவள். "இன்னா சொல்றதா? எண்ணிப் பாக்க வருவானுங்க. எங்க ஊரு புள்ளைங்க எல்லாம் சரியா கீதுன்னு சொல்றது"ன்னாள்.

குலுக்கல் பானையில் நைனாவின் வெறும் ஈயத்தைப் போட்டாகிவிட்டது. நீ வந்து உன் கையால் எடு. வேறு குறி எதுவும் அதில் வெட்டாதே.

குழந்தைக்குப் பேர் நாங்கள் வைக்கவில்லை. அவளுக்கு ஒரு பேர் இருக்கும், சொல்லும்போது சொல்லட்டும். அண்ணனின் மூத்த மகள், பசியாவரத்தில் பிறந்தவள் என்று ஓலையில் எழுதியாயிற்று. இன்னும் இந்த ஊரில் ஒருவர்கூட அவளைப் பார்க்கவில்லை. அதற்குள் பவுனம்மாள் அத்தை வீடு வீடாகப் போய், மூக்கும் முழியும் அப்படியே தாமோதரன் ஜாடை என்று சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

இப்படிக்கு,
இருசம்மாள்